என் கூரைக்கு நானே பெய்வித்த மழை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஊரார் வண்டிகளைக் கழுவி, கடைசியில் டிக்கோயா வீதியில் சொந்தமாக வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன் போட்டவன். ஒரு வேனை எத்தனை வாளியில் கழுவலாம் என்று எனக்குத் தெரிந்த அளவு எந்த இன்ஜினியருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட என்னிடம் போன வருடம் ஓர் அதிகாரி வந்து சட்டம் பேசினார். மழை பெய்தால் என் முற்றத்து எண்ணெய்த் தண்ணீர் கீழே லயத்து வாசலுக்குப் போகிறதாம். முற்றத்துத் தண்ணீரைக் குழியில் வடிய விடவேண்டும், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதில்தான் வண்டி கழுவவேண்டும், இல்லாவிட்டால் லைசன்ஸ் கிடையாது என்றார்.

இரண்டையும் நானே நின்று கட்டினேன். குழியைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார். தொட்டியில்தான் வினை. அவர் பார்க்க வந்த அன்றைக்கு வெயில். மழை ஓயாத ஹட்டனில், ஆனி மாதத்தில், வெயில்!

தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. குச்சி விட்டு அளந்து, உள்சுவரில் கரிக்கோடு போட்டார்.

"இது பைப் தண்ணியாவும் இருக்கலாம் தானே, மொதலாளி? கூரையில இருந்து விழுறத நான் பாக்கணும். லைசன்ஸுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்."

என் மனைவி விடுவாளா? "வருசம் பூரா மழையத் திட்டுனீங்கல்ல, கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

நான் அசரவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க சேர், மழையக் கொண்டாறேன்" என்று அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன். போகும்போதே, பவுசர் என்கிற தண்ணீர் லொறி ஓட்டும் என் மச்சானுக்குப் போன் போட்டேன்: "எங்கேயாவது ஒரு பவுசர் தண்ணி புடிச்சு, மேல் ரோட்டுல இருந்து என் கூரையில அடி."

திரும்பி வந்தபோது மச்சான் தயாராக நின்றான். தகரத்தில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அதிகாரி குடையை விரித்தார். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் இருவர் நின்றுவிட்டார்கள்.

"அடியே, இவருக்கு மட்டும் தனியா மழை பேயுது பாரு!"

"பணக்காரர்டி!"

கூரையோரம் நான் கட்டிய தகரப் பீலி வழியாக ஒரு சொட்டும் சிந்தாமல் தொட்டிக்குள் இறங்கியது. அதிகாரி மீண்டும் குச்சியை விட்டார். முகம் மாறியது.

"என்ன மொதலாளி, மழை பேஞ்ச பொறகு தண்ணி கொறஞ்சிருக்கே?"

கரிக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. தொட்டி ஒழுகுகிறது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். என் வாழ்நாள் உழைப்பு அந்தப் பேனா முனையில் தொங்கியது.

மேலேயிருந்து மச்சான் கத்தினான்: "அத்தான், ஆத்துக்குப் போயிட்டு வர நேரமில்ல. உங்க தொட்டியிலதான் உறிஞ்சினேன்!"

எனக்கு மூளை மின்னலாய் வேலை செய்தது. "பாத்தீங்களா சேர்? எடுத்த தண்ணி அத்தனையும் கூரை வழியா வீடு திரும்பிருச்சு. அந்த ஒரு விரல் வெயில் குடிச்சது. இதவிடத் தண்ணிய எவன் சேமிப்பான்?"

அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பவுசரைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவருடைய வாகனம் வாசலைத் தாண்டவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. "சேர், எறங்கி வந்து பாருங்க, நெச மழை!" என்று பின்னால் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.