முள்ளின் மேல் போட்ட பழி

எங்கள் வயோமிங் பக்கத்தில் கைத்துப்பாக்கிக் குழலின் நுனியில் வைத்துக் குறிபார்க்கும் குறிமுள் வாங்க எல்லாரும் வெர்லின் கடைக்குத்தான் போவார்கள். அவன் பேச்சைக் கேட்கவேண்டும். "வேகமா சுடணுமா? தடிச்ச பச்சை முள்ளு. நிதானமா நடுவுல அடிக்கணுமா? மெல்லிசா கறுப்பு முள்ளு. ரெண்டும் வேணும்னா சிவப்புப் புள்ளி வச்ச கண்ணாடி. உங்க கண்ணுக்கு எது ஒத்துவரும்னு நான் சொல்றேன்." அதற்கு மேல் அங்கே மறுபேச்சு கிடையாது.

மார்லிஸ் என் பக்கத்துப் பண்ணைக்காரி. புருஷன் போனபின் ஒற்றை ஆளாக மாடுகளைக் கட்டி மேய்ப்பவள். அவள் சுட்டால் குண்டு எப்போதும் கீழேதான் போகும். வெர்லின் முள்ளை மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் கண்ணாடியும் தோற்றதும் வாய் கூசாமல் சொன்னான்: "என் சாமான்ல குத்தம் இல்ல மார்லிஸ். உங்க கண்ணு மங்கிருச்சு. வயசாகுதில்ல."

அந்த ஒரு சொல்லில் அவள் இடிந்துபோனாள். ரோட்டில் யாரையாவது இடித்துவிடுவேனோ என்று வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டாள். தன் பிக்கப் வண்டியை விற்க ஆளும் பார்த்தாயிற்று. வண்டி இல்லாமல் அங்கே என்ன பண்ணை? எனக்கு வந்ததே ஒரு கோபம்!

சனிக்கிழமை அவளை என் காரில் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப்போனேன். கோளாறு கண்ணிலா கையிலா என்று பார்த்துவிட நினைத்து, அவள் தன் துப்பாக்கியின் மேகசினில் தோட்டாக்களை நிரப்பும்போது வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றை நடுவில் சொருகினேன். அதற்குள் அங்கே நின்ற வெர்லின் பாய்ந்து வந்தான்.

"இப்படிக் குடுங்க. சாமான் எப்படின்னு எல்லாரும் பாக்கட்டும்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவன் துப்பாக்கியை வாங்கிச் சுட்டான். இரண்டு குண்டுகள் வெடித்தன. அடுத்தது வெறும் 'க்ளிக்'. வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு பொசுக்கென்று தரையைப் பார்த்துச் சரிந்தது. வெடிக்கப்போகிறதே என்ற பயத்தில் கை முந்திக்கொண்டு அமுக்குகிறது. வெடிக்கும்போது அந்த உதறலில் இது மறைந்துபோகும். இப்போது மறைக்க எதுவுமில்லை.

"அடேயப்பா! வெர்லினுக்கே கண்ணு மங்கிருச்சு டோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

வெர்லினின் காது மடல்வரை சிவந்துவிட்டது. அவனும் சேர்ந்து சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் மார்லிஸ் சிரிக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இல்ல மார்லிஸ்," என்றான். "கைதான். உங்களுக்கும் இதேதான். எந்த முள்ளப் போட்டாலும் கீழதான் போகும்."

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும்."

"தெரிஞ்சேதான் என்னைக் குருடியாக்கினியா?"

"கைன்னு சொன்னா, எங்க நீ சுட்டுக் காட்டுன்னு கேப்பாங்களேன்னு..."

எனக்கே அவனைப் பார்க்கக் கூசியது.

மார்லிஸ் என் பக்கம் கையை நீட்டினாள். "கார் சாவியக் குடு. நானே ஓட்டுறேன்."

காலித் தோட்டாக்களைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்த வெர்லின், நாங்கள் கிளம்பும்வரை நிமிரவே இல்லை.