வாசலில் ஒரு ஜோடி கூடுதல்

வீடியோ அழைப்பில் அந்த வெள்ளைக்கார அம்மா என் மனைவியைப் பார்த்து "அற்புதம்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். திரையில் என் தோள் பாதி தெரிந்தது. அந்தப் பாதித் தோளுக்கு ஒரு "பரவாயில்லை"கூட வரவில்லை. வயிறு எரிந்தது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியாக இருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை, பொறாமைதான்.

நாங்கள் இருவரும் அனிமேஷன் வேலை செய்கிறவர்கள். சென்னையில் ஒரே ஸ்டுடியோவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம், சண்டை போட்டோம், கல்யாணம் செய்துகொண்டோம். வாடகை கட்டுப்படியாகாமல் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தோம். இப்போது நாகல் நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி வீடு. முன்னறைதான் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் சிறுமலையும் தெரியும், ஆட்டோக்காரர்கள் சண்டையும் கேட்கும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற துண்டு வேலைகளைச் செய்து கொடுப்போம். எவரோ எழுதிய கதையில் எவரோ வரைந்த முயலுக்கு நாங்கள் காதை ஆட்டிவிடுவோம். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபிறகு எங்கள் பெயர்கள் எறும்பு மாதிரி திரையில் ஊர்ந்து போகும்.

அப்படி இருந்த எங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு வந்தது. ஹிட்லர் காலத்து யூத இனப்படுகொலையில் குழந்தைகள் என்ன பட்டார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை சின்னச் சின்ன அனிமேஷன் படங்கள் எடுக்க முடிவு செய்திருந்தது. வெவ்வேறு தேசத்து ஓவியர்கள் ஆளுக்கொரு படம். நாங்கள் முன்பு வேலை செய்து கொடுத்த ஒரு கம்பெனி எங்களைச் சிபாரிசு செய்திருந்தது. எங்களுக்கு ஆலோசகராக ஒரு வரலாற்று ஆய்வாளர். அழைப்பில் வந்த அந்த வயதான அம்மாதான். அவருடைய தாயே சிறுமியாக ஒரு வீட்டில் ஒளிந்திருந்து பிழைத்தவர். எல்லாம் சரி. ஆனால் ஒரு நிபந்தனை. படத்துக்கு இயக்குநர் என்று ஒரே ஒரு பெயர்தான் போடுவார்கள். கதைத் திட்டம் முடிவானதும் அது யார் என்று சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கதை சொன்னது நான். அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு யூதச் சிறுமியைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைக்கிறது, ஒருநாள் நாஜிப் படையினர் சோதனைக்கு வருகிறார்கள். இதுதான் என் கதை. என் மனைவி படம் வரைகிறாள், அம்புட்டுத்தான். நான் இயக்குநர் என்று மனசுக்குள் முடிவு செய்து, அந்த எழுத்துகளை எந்த வடிவத்தில் போடலாம் என்றுகூட வரைந்து பார்த்துவிட்டேன்.

ஆனால் அழைப்புக்கு அழைப்பு நடந்தது வேறு. நான் ஒளிந்திருக்கும் சிறுமி பயப்படுவதைப் பற்றி அரை மணிநேரம் பேசுவேன். என் மனைவி ஒரே ஒரு படத்தைக் காட்டுவாள்: அலமாரிக்குப் பின்னால் சிறுமி தன் தும்மலை இரண்டு கையாலும் பிடித்து வைத்திருக்கிறாள். ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்னொரு நாள், சிறுமியின் பழைய கோட்டில் யூதர்கள் கட்டாயம் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்த இடத்தில் தையல் ஓட்டைகள் மட்டும் இருக்கிற மாதிரி வரைந்திருந்தாள். அதற்கும் "அற்புதம்". சே, அந்த ஓட்டை எனக்கு ஏன் தோன்றவில்லை? ராத்திரிச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நன்றாக இல்லை என்று சண்டை போட்டேன். அன்றைக்கு வெஞ்சனம் வைத்ததே நான்தான்.

இவ்வளவு பெரிய கொடுமையைப் பற்றிப் படம் எடுக்க உட்கார்ந்துகொண்டு, முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, என் மனசு மட்டும் "இந்த வாரம் அவளுக்கு மூணு பாராட்டு, எனக்கு ஒண்ணுமில்ல" என்று அழுதுகொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நிற்கவில்லை.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். படத்தின் முதல் காட்சியை நானே வரைகிறேன் என்றேன். "வரைங்களேன், நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?" என்றாள். கதவைப் பூட்டிக்கொண்டு வரைந்தேன். பனி பெய்யும் ஒரு தெரு, கல் படிகள், மூடிய கதவு. கதவுக்கு வெளியே படியில் அந்தக் குடும்பத்தின் காலணிகள் வரிசையாக இருக்கின்றன. அப்பாவின் பூட்ஸ், அம்மாவுடையது, அவர்கள் மகளான அந்த வீட்டுப் பெண்ணுடையது. கடைசியாக ஒளிந்திருக்கும் சிறுமியின் குட்டி ஷூ. வீட்டுக்குள் எத்தனை பேர், யார் யார் என்று ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டேன் அல்லவா? என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அவளும் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். ஒரு வாரம் அது சுவரில் ஒட்டியிருந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து வந்த மாமியார்கூட நின்று பார்த்துவிட்டு, "வீடு மாதிரியே இருக்கு மாப்ள" என்றார். எங்கள் வீட்டு வாசலிலும் செருப்புகள் அப்படித்தான் கிடக்கும். மாடிப்படியில் மாமியாரின் சின்ன நீலச் செருப்பைப் பார்த்தாலே நான் சத்தம் போடாமல் இறங்கிப்போய் டீக்கடையில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். வாசல் செருப்பைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்ட நான்தான் அந்தப் படத்தை வரைந்தேன்.

அடுத்த அழைப்பில் ஆய்வாளர் அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் நாற்காலியை நகர்த்தி முழு உடம்பும் திரையில் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். பாராட்டு வரும்போது தோள் மட்டும் தெரிந்தால் போதுமா?

"இந்தக் குட்டி ஷூ யாருடையது?" என்று கேட்டார்.

"ஒளிந்திருக்கும் சிறுமியுடையது" என்றேன் பெருமையாக.

"அவளை வீட்டுக்குள் ஒளித்துவிட்டு, ஷூவை ஏன் தெருவில் வைத்திருக்கிறார்கள்?"

அடக் கடவுளே! தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்துச் சுவர்க் காகிதம், அடுப்பு, ரொட்டி ரேஷன் அட்டை, ஜன்னல் திரை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வரைந்தவர்கள் நாங்கள். செருப்பை வெளியே விடுவது மட்டும் எங்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. உள்ளே போகிறவர்கள் வெளியே கழற்றித்தானே போவார்கள்! ஒளிந்துகொள்ளப் போகிறவளும் கழற்றித்தானே போவாள்! அந்த ஊரில், அந்தப் பனியில், எவரும் ஷூவைத் தெருப்படியில் விடமாட்டார்கள் என்றும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். என் வாய் திறந்தபடி நின்றது.

"அது நான் வரைஞ்சது" என்றாள் என் மனைவி, அவளுடைய உடைந்த இங்கிலீஷில். "என் தப்பு. எங்க ஊர்ப் பழக்கம் அப்படி. மாத்திடுறேன்."

அப்பாடா என்று இருந்தது. மூக்கு உடைபட இருந்தவனைக் காப்பாற்றிவிட்டாளே என்று மேசைக்குக் கீழே அவள் கையைத் தொட்டேன். அந்த நன்றி மொத்தமாக ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"மாற்ற வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "கதவுக்கு உட்புறம் வையுங்கள். அது போதும். இந்தக் குழந்தை தன் வீட்டில் ஷூவைக் கழற்றி வரிசையாக வைக்கப் பழகியவள். ஒளிந்திருக்கும் வீட்டிலும் மறந்துபோய் வைத்துவிடுகிறாள். படையினர் உள்ளே வருகிறார்கள். வரிசையில் ஒரு ஜோடி கூடுதல். குழந்தைகள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அம்மா சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கத்தால். உங்கள் படம் இதுதான்." பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "இதை வரைந்தவர்தான் இந்தப் படத்தை இயக்க வேண்டும்."

போங்கப்பா! நான் செய்த தப்பு. என் சொந்தத் தப்பு. நான் கதவைப் பூட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு செய்த தப்பு. அதற்குப் பாராட்டு அவளுக்கு.

அழைப்பு முடிந்ததும் கத்தினேன். "அந்தத் தப்பு என்னோடது! நீ எப்படி உன்னோடதுன்னு சொல்லலாம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்க பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தீங்க. பாவமா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

"பாவம் பார்க்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"திட்டு விழும்போது கேட்கலையேங்க. பேரு வந்ததும் கேக்குறீங்க?"

தோற்றுப்போனால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். உர்ரென்று மூஞ்சியை வைத்துக்கொண்டு பால்கனியில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் காபியோடு வந்தாள். இப்போது சிரிக்கவில்லை. "அடுத்த தடவை பேசும்போது நானே அந்தம்மாகிட்ட சொல்லிடுறேன். வரைஞ்சது அவருதான், டைரக்டரும் அவரே இருக்கட்டும்னு. போதுமா? காபி ஆறுது."

போதும் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் உற்சாகமாகத் திரிந்தேன். அவள்தான் பேசாமல் ஷூக்களைக் கதவுக்கு உட்புறம் மாற்றி, ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தாள். குட்டி ஷூவில் ஒரு கயிற்றை மட்டும் இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். தனியாகக் கட்டப் பழகுகிற பிள்ளை அப்படித்தான் போடும். அதைப் பார்த்தபோதும் எரிந்தது. படம் இனி என்னுடையது என்று தெரிந்தும் எரிந்தது.

அடுத்த அழைப்பு வந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். "அம்மா, அந்த ஷூ பத்தி ஒரு விஷயம் சொல்லணும்."

"நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்" என்றார் அவர். "படைவீரன் அந்த ஷூ யாருடையது என்று கேட்பான் இல்லையா? யார் பதில் சொல்வது? அந்த வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் எங்கே? அவளை நீங்கள் இருவருமே மறந்துவிட்டீர்கள்."

என் மனைவி, "அதுக்கு முன்னால..." என்று மறுபடி ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்தேன். ஏன் விழுந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. "அவளுக்குப் பொறாமை" என்றேன்.

ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒளிந்திருக்கிறவளைப் பிடிக்காது என்றேன். அவள் வந்த நாளிலிருந்து ரொட்டி பாதியாகிவிட்டது. அம்மாவின் போர்வை அங்கே போய்விட்டது. இவள் நன்றாகப் படித்தாலும் யாரும் பார்ப்பதில்லை. அவள் தும்மலை அடக்கினால் மொத்த வீடும் கொண்டாடுகிறது. அவள் பாவம் என்று இவளுக்கும் தெரியும். அது தெரிவதால் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் பாவப்பட்டவள்மேல் பொறாமைப்படுகிற அசிங்கமும் இவள் தலையிலேயே விழுகிறது. இப்போது படைவீரன் கேட்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா திரும்பக் கிடைத்துவிடுவாள். இவள் அந்தக் குட்டி ஷூவைப் பார்க்கிறாள். "என்னோடது" என்கிறாள். போட்டுக் காட்டு என்கிறான். பத்தாத ஷூவுக்குள் காலைத் திணித்து நடந்து காட்டுகிறாள்.

ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "என் அம்மா இருந்த வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள்" என்று மட்டும் சொன்னார். பிறகு, இயக்குநர் பெயரை உறுதி செய்யலாமா என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"அவதான்" என்றேன் முந்திக்கொண்டு.

இதோடு என் பொறாமை தீர்ந்தது என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குப் பொறாமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே அவள் அவளுடைய தங்கைக்கு ஃபோன் போட்டு "நான்தான் டைரக்டர்டி" என்றபோது எனக்குக் காதில் புகை வந்தது.

போன வாரம் நடிப்புப் பதிவு செய்தோம். எங்கள் தொழிலில் ஒரு பாத்திரத்தை வரையும் முன் எங்களில் யாராவது அதை நடித்துக் காட்டுவோம், ஃபோனில் படம் பிடித்து, பார்த்துப் பார்த்து வரைவோம். அந்த வீட்டுப் பெண்ணை நீங்கதான் நடிக்கணும் என்றாள்.

"நானா? மீசையோடயா?"

"மீசையை நான் வரையலங்க. மூஞ்சிதான் வேணும். எனக்கு அந்த மூஞ்சி வரல." ஃபோனைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உங்களுக்குத் தன்னால வரும். வருசம் பூரா அதைப் பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

எல்லாம் தெரிந்திருக்கிறது! நாற்காலியை நகர்த்தியது, வெஞ்சனச் சண்டை, பால்கனி, எல்லாம். நான்தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த அவருடைய நீலச் செருப்பை எடுத்து வந்து என் காலருகே போட்டாள். பாதிக் கால்தான் உள்ளே போனது. எதிரே ஃபோனைப் பிடித்துக்கொண்டு, குரலைக் கடுமையாக்கி, "இது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னோடது" என்றேன்.

"இல்லங்க. ரொம்ப நல்ல புள்ளையாச் சொல்றீங்க. நீங்களே சொன்ன கதைதான? அவளுக்குப் பொறாமை போயிருக்காது. அதை வச்சுக்கிட்டேதான் சொல்லணும்." மறுபடி ஃபோனைத் தூக்கினாள். "இது யாரோடது?"

அவளைப் பார்த்தேன். தும்மலைப் பிடித்து வைத்த கைகளை வரைந்தவள். இரட்டை முடிச்சு போட்டவள். நான் தலைகீழாக நின்றாலும் வராதது அவளுக்கு வருகிறது. செருப்பு விரல்களைக் கவ்வியது.

"என்னோடது" என்றேன்.

அவள் "கட்" சொல்லவில்லை.