மூன்றாவது ஓலை

கிறிஸ்தவம் எங்கே தொடங்கியது, எங்கெங்கே பிரிந்தது என்று கேட்டால் அந்த வருஷம் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். புதுச்சேரியில் சரித்திரம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் நூலகத்தில் திருச்சபை வரலாறு ஒன்று, யாரும் தொடாமல் தூசு படிந்து, எனக்காகவே காத்திருந்த மாதிரி கிடைத்துவிட்டது. பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பிச் சோற்றுப் பசையால் ஒட்டி, அதில் ஒரு மரம் வரைந்தேன். அடியில் எருசலேம். மேலே அந்தியோக்கியா, ரோமாபுரி, கான்ஸ்டான்டிநோபிள். அதற்கும் மேலே கிளைகள், கிளைக்குக் கிளைகள், பெயர் எழுத இடமில்லாத சின்னச் சின்னக் கொழுந்துகள்.

நான் பாதி நேரம் பாகூரில் இல்லை என்று அம்மா சொல்வாள். உண்மைதான். காலை பஸ் ஏரிக்கரையோடு ஊர்ந்து போகும்போது தண்ணீரின்மேல் பனி நிற்கும். கொக்குகள் இருக்கும் இடம் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அந்தப் பனிக்குள் நான் வெள்ளை மதில்களையும் தாடி வைத்த மேற்றிராணியார்களையும், அதாவது பிஷப்புகளையும், பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் கழுதைமேல் ஏறித் திருச்சபையின் பொதுச்சங்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு கண்டக்டரின் விசில் வரும்.

"எம்மா காலேஜி, இன்னிக்கு எந்த நூத்தாண்டு?"

"நாலாவது. ராஜா வேதத்துக்கு வந்துட்டாரு. இனிமேதான் சண்டையே."

கண்டக்டர் புராட்டஸ்டண்ட். வில்லியனூருக்கு இந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ஒரு சின்ன ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஊர் பாஷையில் வேதக்காரங்க. யார் முதல், யார் பிரிந்து போனவர், யார் கெட்டுப்போனவர் என்பதுதான் எங்கள் அன்றாட வழக்கு. பஸ் முழுக்க சாட்சி.

"ரோமாபுரிலேந்துதான் எல்லாம். நாங்கதான் மொதல்ல," என்பேன்.

"மொதல்ல ஏறினவன் ஜன்னல் சீட்டு பிடிப்பான். அதுக்காக பஸ்ஸு அவனுதாயிடுமா?"

வெல்ல மூட்டையோடு வரும் ஒரு மளிகைக் கடைக்காரர், நெற்றி நிறைய விபூதி, நடுவில் புகுவார். "சாமி ஒண்ணுதான்றீங்க. அப்புறம் இன்னாத்துக்குப்பா டவுனு வரைக்கும் இத்தினி கோயிலு?"

"சாமி ஒண்ணுதான் மொதலாளி. சண்ட போடத்தான் ஆளு ஜாஸ்தி."

"எங்களுக்கு ஆயிரம் சாமி. ஒரு சண்ட கெடையாது."

"ஏன் கெடையாது? போன ஆடில மொத மரியாத யாருக்குன்னு மண்ட ஒடஞ்சுதே, அது இன்னா பஜனையா?"

பஸ் சிரித்துக் குலுங்கும். என் பக்கத்தில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருப்பாள். வில்லியனூரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எங்கள் வாதத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வெளியே பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் சிரிப்பு மட்டும் வயல்களின்மேல் மிதந்து வரும். அது யாருக்கான சிரிப்பு என்று புரிய எனக்கு, இத்தனை நூற்றாண்டு படித்தவளுக்கு, ஆறு மாதம் ஆயிற்று.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்குடி," என்றாள் ஒருநாள், துணி உலர்த்திக்கொண்டே.

"புராட்டஸ்டண்ட் ஆச்சே! அதுல எந்தப் பிரிவு?"

"சிரிக்கிற பிரிவு. போடி."

அப்பா ஒரு மாதம் முறுக்கிக்கொண்டார், அம்மா ஒரு மாதம் அழுதாள். பிறகு இருவருக்கும் அலுத்துவிட்டது. எங்கள் கோயில் சாமியார் மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்கினார். திங்கட்கிழமை கலியாணம் என்று வைத்தார்கள். புதன்கிழமை விபூதிப் புதன். அன்றோடு நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிடும், பாஸ்கா வரை, அதாவது ஈஸ்டர் வரை, கோயிலில் கலியாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு அம்மா இறந்து இரண்டு வருஷம். அப்பா மட்டும்தான். அவர் சம்மதித்தார், ஆனால் கறாராக: "விருந்துக்கு வரேன். உங்க கோயிலுக்குள்ள கால் வெக்க மாட்டேன். திங்கக்கெழம நடந்தா நடக்கட்டும். தள்ளிப்போச்சுன்னா ஆண்டவருக்கே இஷ்டமில்லன்னு எடுத்துக்குவேன். வேற பொண்ணு பாப்பேன்."

எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். படிப்பது வெறும் தாளிலிருந்துதான். பெயர் மட்டும் இன்னும் ஓலை. முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. அக்கா இரண்டு முறையும் தலை குனிந்து முக்காட்டுக்குள் போய்விட்டாள்.

இரண்டாவது ஓலை முடிந்த அன்று, பூசை கலைந்ததும், கோயில் முற்றத்துப் பூவரச நிழலில் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், கோயில் பதிவேடு எழுதுபவர். கண்டக்டருக்கு அடுத்து என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே மனிதர். வெயில் இலைகளில் சல்லடையாய் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் மூன்றாம் நூற்றாண்டு பொங்கிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் மேற்றிராணியார்கள் போட்ட பெரிய சண்டையைச் சொல்ல ஆரம்பித்தேன். பிரிந்துபோன கூட்டத்தில் ஞானஸ்நானம் வாங்கினவன் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

"வேண்டாம்னு ரோமாபுரி சொல்லிச்சு. ஒருதரம் குடுத்தா குடுத்ததுதான்," என்றார் உபதேசியார். அவருக்கும் கொஞ்சம் தெரியும்.

"அதான்! எங்க அக்கா மாப்ளையவே எடுத்துக்குங்க. கொழந்தையில தெளிச்சாங்க. அப்புறம் பதினெட்டு வயசுல முக்குனாங்க. 'ரெண்டும் காஞ்சுபோச்சு'ன்னு பஸ்லயே சொல்வாரு. ரோமாபுரி கணக்குப்படி மொத ஞானஸ்நானம்தான் செல்லும். ரெண்டாவது வெறும் குளியல். சரிதானே?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி சொல்லு."

நான் சந்தோஷமாக மறுபடியும் சொன்னேன்.

"எங்க முக்குனாங்க?"

"பிள்ளைச்சாவடி கடல்ல. பெந்தகோஸ்து சபை. அவருக்கு ரொம்ப காச்சலா கெடந்தப்ப அவங்கம்மா நேர்ந்துகிட்டாங்களாம்."

"அனுமதி கேட்ட காயிதத்துல இது இல்லியே."

"இன்னா இப்போ? மொதல்லதுதானே செல்லும்?"

"செல்லுமா செல்லாதாங்கிறது இல்லம்மா இப்போ. அவன் எந்தச் சபைன்னு எழுதி மேற்றிராணியார்கிட்ட அனுமதி வாங்கனோம்? இது சாமியாருக்குத் தெரிஞ்சாவணும்." எழுந்து வேட்டியை உதறினார். "வாதத்துல நீ சொல்றதுதான் சரி," என்று சேர்த்துக்கொண்டே உள்ளே போனார்.

சாயந்திரத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. முதல் ஞானஸ்நானம் செல்ல வேண்டுமானால், குழந்தையில் அதைக் கொடுத்தது உண்மை என்று பெற்றவர் நேரில் வந்து பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊர்ப் புராட்டஸ்டண்ட் கோயிலின் பழைய புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. வேறு அத்தாட்சி இல்லை. சனிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டார் சாமியார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "உபதேசியார்கிட்ட நீ ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்," என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அந்த வாரம் பஸ் எங்கேயும் நிற்காமல் பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்த மாதிரி ஞாபகம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். தினமும் வீட்டில் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமை அக்காவின் சீட்டருகே குனிந்து, "அசைய மாட்டேன்றாரு," என்றார். அக்கா தலையாட்டினாள். கண்ணாடியில் வயல்கள் மட்டும் ஓடின.

சனிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், என் மரத்தைச் சுருட்டிக்கொண்டு, வேறொரு பஸ் பிடித்துக் கண்டக்டரின் ஊரில் இறங்கினேன். வாய்க்காலோரமாய் நடந்து, ஒரு கிணற்றைத் தாண்டினால் அந்தத் தெரு. மாப்பிள்ளையின் அப்பா, பெரியவர், வாசலில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, சங்கிலியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த சரித்திரமா?"

"ஆமாங்கய்யா."

"கையில இன்னா?"

விரித்துக் காட்டினேன். எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தது, ஒரு கையெழுத்தில் என்ன போகிறது என்று பேசுவதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கறுத்த விரலைத் தாளில் படாமல் ஓட்டினார்.

"இது யாரு கெள?"

"இங்கிலீஷ் ராஜா. பொண்டாட்டிய தள்ளிட்டு வேற கட்டணும்னாரு. ரோமாபுரி விடல."

"அதுக்கு ஒரு கெளையா! பரவாயில்லியே. எங்க தெரு எங்க கீது?"

"உங்க தெருவா?"

"நாங்களும் பிரிஞ்சவங்கதானே. எங்கப்பா காலத்துல நாங்க வேதக்காரங்க. வருஷா வருஷம் மாதா சப்பரம் தோ, அந்த கெணறு வரைக்கும் வரும். அங்க திரும்பிடும். இந்தாண்ட பதினாறு வூடு, பூ கட்டி, வெளக்கு ஏத்தி வெச்சிகினு நிப்போம். எங்கப்பா போயி கேட்டாரு. அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. பதினோரு அடுத்த வருஷம்! பன்னண்டாவது வருஷம் பதினாறு வூடும் ஒரே நாள்ல மாறிட்டோம்."

"இன்னா கொள்கைல வித்தியாசம்னு மாறினீங்க?" என்றேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் காது சுடுகிறது.

"கொள்கையா? அந்தப் போதகரு சைக்கிள்ல எங்க தெருவுக்குள்ள வந்தாரு. அதான் கொள்க."

காலண்டர் தாள் காற்றில் படபடத்தது. அதைச் சுருட்டினேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஐயா, ஓலை நின்னது என்னாலதான். நான்தான் வாய விட்டேன்."

"தெரியும். பையன் சொன்னான். கெட்ட பொண்ணு இல்ல, பேசற ஜோர்ல வந்துடுச்சின்னான்." சங்கிலியைச் சுற்றிப் பார்த்தார். "அதுக்காக நான் அங்க வந்து நிக்க முடியாது. எங்கப்பா நின்னாரு, போதும்."

கிணற்றைப் பார்த்தேன். வெயிலில் அதன் கைப்பிடிச் சுவர் வெள்ளையாய், கனவில் வரும் எல்லைக்கல் மாதிரி இருந்தது.

"நீங்க வர வேணாங்கய்யா. பதிவேடு இங்க வந்தா?"

"இன்னாது?"

"உபதேசியாரு கொண்டாந்தா? சைக்கிள்ல?"

வெகுநேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "கெணத்த தாண்டி?"

"தாண்டி."

"வந்தா பாக்கலாம்," என்றார்.

அடுத்த பஸ்ஸில் பாகூருக்கு ஓடினேன். உபதேசியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். "பதிவேடு கோயில வுட்டு வெளிய போனதே கெடயாது," என்றார். நான் எந்தப் பொதுச்சங்கத்தையும் இழுக்கவில்லை. கிணற்றைச் சொன்னேன். பதினாறு வீட்டையும் பதினோரு வருஷத்தையும் சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.

"அந்த சப்பரத்த நான் தூக்கியிருக்கேன்," என்றார் மெதுவாக. "எங்க மாமன் ஊரு அதாண்டதான். கெணத்தாண்ட தோள் மாத்திகினு திரும்புவோம். பாரம் எறங்குற எடம்னுதான் ஞாபகம். அந்தாண்ட யாரு நின்னாங்கன்னு பாத்ததே இல்ல."

சாமியாரிடம் போய் என்ன பேசினாரோ, கால் மணியில் பதிவேட்டைத் துண்டில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு தூரம் மிதிக்க அவரால் ஆகாது. எங்கள் பஸ் இரண்டு மணிக்கு வந்தது. கண்டக்டர் சைக்கிளைப் பார்த்தார், துண்டு மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளைத் தூக்கி பஸ் கூரைமேல் ஏற்றினார். பதிவேடு மட்டும் உள்ளே, அக்காவின் மடியில். அன்று பள்ளிக்கூடம் இல்லை. அவள் ஏன் ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை.

நிறுத்தத்தில் இறங்கியதும் உபதேசியார் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அக்கா, கண்டக்டர், நான், மூவரும் பின்னால் ஓடினோம். பஸ் பயணிகளோடு நின்றது, டிரைவர் ஹாரன்மேல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த வயல்களின்மேல் வெயில் பால் மாதிரி பரவியிருந்தது. உபதேசியார் கிணற்றருகே வந்ததும் பழக்கத்தில் ஹேண்டில் கொஞ்சம் திரும்பிற்று.  பிறகு அதை நேராக்கி, மணியை ஒருமுறை அடித்து, தாண்டிப் போனார்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பெரியவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதியிருப்பதை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை. அதன் பிறகு பேனாவை வாங்கினார்.

"காபி குடிச்சிட்டுப் போங்க," என்றார் உபதேசியாரிடம். அவர் உட்கார்ந்து குடித்தார்.

மறுநாள் பூசையில் சாமியார் மூன்றாவது ஓலையை எடுத்தார். பெயர்களைப் படித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். வழக்கமாக அடுத்த அறிவிப்புக்கு உடனே போய்விடுவார். அன்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். கோயிலில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாய் வந்த நீல வெளிச்சத்தில் சாம்பிராணிப் புகை அசையாமல் நின்றது. அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிய. சாமியார் தாளை மடித்துவிட்டுத் தபசு கால ஒழுங்குகளைப் படிக்கத் தொடங்கினார். அவள் பிடியை விடவில்லை.