எண்பத்து நாலாம் பக்கம், பதினோராம் வரி

உண்ணாமலை ஏழாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டவள். திருவண்ணாமலை தேரடித் தெருவில் பக்ருதீன் பாய் நடத்திய அச்சகத்தில் தாள் மடிக்கச் சேர்ந்து, மூன்றாம் வருஷமே எழுத்துக் கோக்க உட்கார்ந்துவிட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டாள். ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் தடங்கலில்லாமல் படிப்பாள்.

கல்யாணப் பத்திரிகையும் தீபத் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு எழுபத்தொன்பதில் ஒரு பெரிய வேலை வந்தது. பட்டாளத்தில் இருந்து, பிறகு கதை எழுதிப் பேர் வாங்கிய அருணகிரி, எழுபத்தொன்றில் நடந்த வங்காளதேசச் சண்டையில் தான் கண்டதைப் புத்தகமாக எழுதி, சொந்த ஊரிலேயே அச்சடிக்கக் கொடுத்தார். கோழி கிளறியது போன்ற அவர் கையெழுத்து அங்கே உண்ணாமலை ஒருத்திக்குத்தான் புரிந்தது.

"இன்னாமா, நீயும் அவரோட பட்டாளத்துல இருந்தியா?" என்று பாய் கிண்டல் செய்வார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளே பெருமையாக இருக்கும்.

அரசாங்கம் சொன்ன புது எழுத்துகளும் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தன. 'னா' முன்பெல்லாம் சுழித்துக்கொண்டு ஒரே துண்டாக இருக்கும். இனி 'ன' எடுத்து, பக்கத்தில் தனியாகக் கால் வைக்க வேண்டும். மற்றவர்கள் தடுமாறினார்கள். அவளுக்கு இரண்டே நாளில் கை பழகிவிட்டது. ன, கால், ன, கால் என்று விரல் தானாகப் போய் எடுத்தது.

புத்தகம் வெளிவந்து பத்து நாள் இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பேர் சந்திரம்மாள்.

"இருசப்பன்னு வருதில்ல, அவரு என் ஊட்டுக்காரு. சண்டையில செத்தவரு. எனக்குப் படிக்கத் தெரியாது. கொழுந்தன் படிச்சுக் காட்டுனான். அவன் பொய் சொல்றானான்னு பாக்கணும். நீ படிமா."

மூலை மடித்திருந்த பக்கத்தை உண்ணாமலை படித்தாள்.

"'இருசப்பன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். திரும்பிப் பார்க்காமல் ஓடினான். மறுநாள்தான் அவன் உடல் கிடைத்தது.'"

"அப்ப கொழுந்தன் சொன்னது நெசந்தான்." சந்திரம்மாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "எட்டு வருசமா நின்னு செத்தவரு பொண்டாட்டின்னு நடந்தேன். இப்ப கொழாயாண்ட போனா, ஓடுனவன் பொண்டாட்டி வரா, வழி விடுங்கடின்றாளுங்க."

 அந்த வரி அப்படி இல்லையே என்று உண்ணாமலைக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல வாய் வரவில்லை. சந்திரம்மாள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகுதான் எழுந்துபோய் மூலப் பிரதியை எடுத்துப் புரட்டினாள். 'திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்' என்று இருந்தது. கோழிக் கிளறலிலும் அந்தச் சொல் மட்டும் அழுத்தி, தெளிவாக எழுதியிருந்தது. கத்தினான் என்று கோத்த சூட்டிலேயே அடுத்ததற்கும் கொம்பை விட்டுவிட்டு அவள் விரல் காலை வைத்திருக்கிறது. ஓடியவர் எழுதியவர். இருசப்பனை ஓட வைத்தது இவள்.

புரூஃப் தாளைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் திருத்தி, ரப்பரால் அழித்த தடம் இருந்தது.

"ஆசிரியரே பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நம்ம மேல தப்பில்ல. கம்முனு வேலையப் பாரு" என்றார் பாய்.

கம்மென்று இருப்பது அவளுக்குப் புதிதல்ல. இரண்டு நாள் இருந்தாள். 'ன' வரும்போதெல்லாம் விரல் கூசியது. மூன்றாம் நாள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அருணகிரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவர் தாளைப் பார்த்தார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"அந்த ஒரு வரிய எழுத எனக்கு எட்டு வருஷம் ஆச்சும்மா. புரூஃப்ல அது மாறி வந்திருந்துச்சு. திருத்தினேன். அப்புறம், நானா மாத்தல, அச்சுல தானா வந்ததுதானேன்னு அழிச்சுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு பாய்கிட்ட சொல்லு."

"அந்தம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"என்னால முடியாதும்மா."

சீட்டை அவளே கோத்தாள். '84ஆம் பக்கம், 11ஆம் வரி: ஓடினான் என்பதை ஓடினேன் என்று திருத்திப் படிக்கவும்.' அச்சகத்தில் மிச்சமிருந்த பிரதிகளில் எல்லாம் ஒட்டினார்கள். விற்றுப்போனவை போனவைதான். ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள்.

சந்திரம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா எழுதியிருக்குது?"

"ஓடுனது அவரு இல்லீங்க. எழுதுனவரு. எழுத்துத் தப்பா விழுந்துடுச்சு."

"தானா விழுமா எழுத்து?"

உண்ணாமலை தரையைப் பார்த்தாள். "நான்தாங்க மாத்திக் கோத்துட்டேன். அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. சொல்லல."

அடிப்பாள் என்றுதான் நினைத்தாள். சந்திரம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போனாள். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கையில் சீட்டைத் திணித்தாள்.

அவர் படித்துவிட்டு, "எண்பத்து நாலு, பதினொண்ணுனு என்னமோ போட்டிருக்குது. இது இன்னா, லாட்டரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சீட்டு சொல்லாது. நீ சொல்லு" என்று சந்திரம்மாள் கையை விட்டாள்.

உண்ணாமலைக்கு முகமெல்லாம் எரிந்தது. அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

"இருசப்பன் ஓடலீங்க" என்றாள். பஸ் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பஸ் போகும்வரை நின்று, இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.