கட்டிலுக்கடியில் இருந்த பெயிண்ட்

அன்று வீட்டில் இருந்தது நானும் தொட்டிலில் தூங்கிய தம்பியும்தான். வாசலில் வந்து நின்றது குடியிருப்போர் சங்கத்து சார், நோட்டு வைத்திருந்த ஓர் அக்கா, லோடு ஆட்டோக்காரர். அம்மா சுற்றிய பீடியைக் கடையில் போடப் போயிருந்தாள். அப்பா பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தார். இருவரில் ஒருவர் இருந்திருந்தால் போதும்.

"பாப்பா, அடிச்சு மிஞ்சின பெயிண்ட் ஏதும் கெடக்கா?" என்றார் சார். வீடு வீடாக வாங்கிப் பால்வாடிச் சுவருக்கு அடிக்கப் போகிறார்களாம். வாய்க்காலில் கொட்டினால் ஆற்றுத் தண்ணீர் கெடும், வீட்டில் வைத்திருந்தால் ஒரு தீப்பொறி போதும் என்றும் சொன்னார்.

தீப்பொறி என்றதும் திரும்பி அடுப்பைப் பார்த்தேன். எங்களுக்கு ஒரே அறை. கட்டிலுக்கடியில் இரண்டு வாளி, நாலு டப்பா. இரண்டு எட்டில் அடுப்பு. நடுவில் தம்பியின் தொட்டில். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய், அடுப்பு அணைந்ததா என்று திரும்பி வந்து பார்க்கிற பிள்ளை நான். இன்றும் அப்படித்தான்.

நானே ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுத்தேன். அந்த அக்கா கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அப்பா குனிந்து பார்த்தார். "ஏட்டி, பெயிண்ட் எங்கட்டி?"

சொன்னேன். அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடி விழவில்லையே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

அது மாடி வீட்டு அண்ணாச்சியின் பெயிண்ட். வீடு முழுக்க அடித்து முடித்ததும், கலர் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று அவர் பாக்கிக் கூலியை நிறுத்திக்கொண்டார். மிஞ்சியதை அப்பா தூக்கி வந்துவிட்டார். "கூலியத் தந்துட்டு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் தூக்கினார். அதில் ஒரு வாளி மூடி திறக்காதது. காம்பவுண்டுச் சுவருக்கு வேண்டுமே, அண்ணாச்சி வந்துதானே ஆக வேண்டும் என்று காத்திருந்தார்.

மறுநாள் அப்பா சங்கத்துக்கு ஓடினார். அண்ணாச்சிதான் அங்கே பொருளாளர். வாளியை அடையாளம் கண்டு, தன் தானம் என்று நோட்டில் அதற்குள் எழுத வைத்திருந்தார்.

"என் பெயிண்ட ஊருக்குத் தூக்கிக் குடுத்துட்டு என்கிட்டயே கூலி கேக்கீரோ வே? ரெண்டும் சரியாப் போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம்.

பால்வாடிச் சுவரில் அவர் பெயரை எழுதவும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். "எழுதும், பொறவு பாப்போம்" என்றார் அண்ணாச்சி. அந்த வார்த்தையை நம்பி அப்பா போனார். நானும் கூடப் போனேன். 'பெயிண்ட் உபயம்' என்று தொடங்கி, எழுத்து எழுத்தாக அவ்வளவு அழகாக எழுதினார். எழுத எழுத நான் கூட்டிக் கூட்டி வாசித்தேன். முடிந்ததும், போகிறவர் வருகிறவர் கேட்கட்டும் என்று அண்ணாச்சியின் பெயரை உரக்க மூன்று தடவை வாசித்தேன். என் அப்பா எழுத்தல்லவா! அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலையில் கவனமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்று நானும் பீடி சுற்றப் போனேன். எழுத்து இன்னும் அழியவில்லை. அண்ணாச்சி தர வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.