குஞ்சிதபாதத்தின் சந்தைப் பட்டியல்

குஞ்சிதபாதம் இருபத்திரண்டு வருஷமாக அம்மை குத்துகிற உத்தியோகத்தில் இருந்தார். பெயர்தான் அப்படியே தவிர, அதில் குத்துகிற வேலை கொஞ்சம், துரத்துகிற வேலை அதிகம். அவருடைய சைக்கிள் ஊர் எல்லையில் தெரிந்தால் போதும், செய்தி அவருக்கு முன்னால் போய்விடும். கைக்குழந்தைகளை நெல் கொட்டும் குதிருக்குள் இறக்குவார்கள். நடக்கிற குழந்தைகள் முந்திரிக் காட்டுக்குள் ஓடும். எனக்குப் பிள்ளையே இல்லை என்று சத்தியம் செய்கிற தாயின் ரவிக்கை பாலில் நனைந்திருக்கும்.

அவருடைய முகமெல்லாம் அம்மைத் தழும்பு. உம்ம மருந்து உம்மையே காப்பாத்தலையே என்று ஊருக்கு ஒருவராவது கேட்காமல் விடமாட்டார்கள். அவர் பதில் சொல்வதில்லை. சின்ன வயசில் அம்மை குத்துகிறவர் வந்த அன்று அவரையும் குதிருக்குள்தான் இறக்கினார்கள். அடுத்த கோடையில் முகம் இப்படி ஆனது. இதையெல்லாம் வாசலில் நின்று விளக்கினால் அதற்குள் இன்னும் நாலு குழந்தை ஓடிப்போகும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் காடாம்புலியூர்ப் பக்கம் அம்மை கண்டிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் விட்டுப்போன கைகளைத் தேடிப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குஞ்சிதபாதம் ஃப்ளாஸ்கில் பனிக்கட்டிக்கு நடுவே அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்துக் குழாய்களை அடுக்கிக்கொண்டு, கேரியரில் தகரப் பெட்டியையும் பதிவேட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சுற்றில்தான் அவர் வாழ்க்கையில் நடக்காத ஒன்று நடந்தது. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்தினாள்.

அவள் பெயர் ஹெல்கா. ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போன மைன்ஸ் என்ஜினீயர் ஜெயராமன், பயிற்சி முடிந்து திரும்பும்போது கூட்டிவந்த மனைவி. வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குழந்தைக்கு ஒன்றரை வயசு. மாமியார் வைத்த பெயர் தமயந்தி. கப்பலேறும் சமயத்தில் குழந்தைக்கு மேலெல்லாம் சிரங்கு. இப்போது குத்தக்கூடாது, ஆறினபிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயிருந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சிரங்கு ஆறிவிட்டது. பார்த்துக்கொள்ளத்தான் யாரும் கிடைக்கவில்லை.

எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட தமிழ், வீட்டுவேலை செய்யும் வீராயியிடம் கற்றது. தஞ்சாவூர் மாமியார் லீவுக்கு வந்து அந்தத் தமிழைக் கேட்டுவிட்டு, ஜெர்மனே பேசச் சொல்லேன்டா என்று மகனிடம் கேட்டாளாம்.

முதல் நாள் ஹெல்கா அவரை மார்க்கெட் முனையில் நிறுத்தினாள். குஞ்சிதபாதம் கேரியரை அவிழ்த்துப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அடுத்த கட்டங்களில் அப்பா பெயர், ஊர். முதல் கட்டத்தில் பிறப்புப் பதிவு எண் வேண்டும். அது இந்தப் பக்கத்து எண்ணாக இருக்கவேண்டும். குழந்தை பிறந்ததோ சமுத்திரத்துக்கு அப்பால். எண் இல்லாமல் எழுத முடியாது, எழுதாமல் குத்த முடியாது. எழுதாத கையில் குத்துவது அவர் கணக்கில் திருட்டு.

அவள் மற்ற இடங்களிலும் கேட்டுப் பார்த்தவள்தான். வெளிநாட்டு நிபுணர்களுக்கென்று மாதம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் காண்ட்ராக்டில் வந்தவர்களின் குடும்பப் பட்டியல்தான் இருந்தது. இவள் இந்தியரின் மனைவி. இந்தியரின் மனைவிமார் இருக்கும் பட்டியலில் ஏறுவதற்கு ஜெர்மன் பாஷையில் இருந்த கல்யாணச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்குப் போயிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அவள் இந்தியக்காரி, இந்தியர்களுக்கு வெள்ளைக்காரி. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் கஷ்டம், மறுத்திருந்தால் மேலே எழுதிப்போட்டிருக்கலாம்.

இரண்டாம் தடவை அவள் குஞ்சிதபாதத்தின் வீட்டுக்கே போனாள். அவர் இல்லை. மனைவி சாமியம்மாள் மோர் கொடுத்து, குழந்தையைக் கொஞ்சி, எம் புருசனைத் தேடி ஒரு பொம்பள வூடு ஏறி வந்தது இதான் முதல் தடவ என்று சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் அதையே அவரிடமும் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒரு துரையின் குழந்தைக்குக் குத்தப்போய், அதன் கை வீங்கி, கல்ராயன் மலைக்கு மாற்றலாகிப் போனவர் கதையைப் பழைய இன்ஸ்பெக்டர் அவருக்கு அடிக்கடி சொல்லியிருந்தார்.

மூன்றாம் தடவை, டவுன்ஷிப்பை விட்டு வெளியே வருகிற ரோட்டில், தூரத்தில் அவளுடைய சைக்கிளும் முன்னால் கூடையில் குழந்தையும் தெரிந்தன. பதில் இல்லாதவன் என்ன செய்வான்? குஞ்சிதபாதம் சைக்கிளைத் திருப்பி முந்திரிக் காட்டுக்குள் விட்டார்.

சருகு மிதிபட உள்ளே போய், கிளை தாழ்ந்த ஒரு பெரிய மரத்தடியில் குனிந்து நுழைந்தார். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. வீராயி, மடியில் நாலு வயசு மகள் செல்லக்கிளி. மூன்று வருஷமாக அவர் கையில் சிக்காத பிள்ளை. ரோட்டில் அவர் சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் வீராயி அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒளிஞ்சிக்கினு இருக்கறவளத் தொரத்திக்கினு வந்தீங்களா, இல்ல நீங்களே ஒளிஞ்சிக்க வந்தீங்களா சார்?"

"உங்க வீட்டம்மா வராங்க."

வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள். காடாம்புலியூரில் ஆத்தா வந்திருக்கிற சேதியை நான்தான் அந்தம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன், அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை அதுக்கு என்றாள். நீ ஏன் ஒளிகிறாய் என்று குஞ்சிதபாதம் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரியும் என்று இருபத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்: ஆத்தா கோபித்துக்கொள்வாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

வெளியே சைக்கிள் நின்றது. ஹெல்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். உள்ளே மூன்று பேர். வீராயியைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"சார், சட்டத்துல எடம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் அழுதுக்கினு வூட்டுக்குப் போறேன். நீங்க ஓடாதீங்க. எனக்கு வெக்கமா இருக்குது."

குஞ்சிதபாதம் எழுந்து வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டினார். குதிருக்குள் இருந்த இருட்டு அவருக்கு நினைவு வந்ததா என்பது தெரியாது. தழும்பைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. ஆனால் அதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தவர். பதிவேட்டின் கடைசியில், வருஷம் முழுக்கத் தொடாமல் கிடக்கும் நாலு தாள் உண்டு: திருவிழா, சந்தைப் பட்டியல். கூட்டத்தில் வருகிறவனிடம் பிறப்பு எண் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று எந்தக் காலத்திலோ யாரோ புத்திசாலி போட்டுவைத்த தாள். அதில் பெயர், ஊர், எந்தக் கை. மூன்றே கட்டம்.

"வர்ற குள்ளஞ்சாவடி சந்தைக்கு வாங்கம்மா," என்றார். "ஏதாவது வாங்கணும். வாங்கலன்னா சந்தைக்கு வந்தவங்க ஆகமாட்டீங்க."

சந்தையன்று அவர் புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்ததும் வழக்கம்போல அந்தப் பக்கம் காலியாயிற்று. பக்கத்தில் கருவாட்டுக் கடை போட்டிருந்த நைனா முகமது வழக்கம்போல, நீங்க கடை விரிச்சா என் கடைக்கு ஈ கூட வராது பாய் என்று அலுத்துக்கொண்டார். அம்மை குத்துகிறவரை அவர் பாய் என்று கூப்பிடுவது பல வருஷத்துப் பழக்கம். இவர் அவரைப் பதிலுக்கு முதலியார் என்பார்.

அப்போது பஸ்ஸிலிருந்து ஹெல்கா இறங்கினாள். பின்னால் வீராயி, இடுப்பில் தமயந்தி. செல்லக்கிளியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஹெல்கா முதலில் நேராகப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கினாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். சட்டம் திருப்தியடைந்தது.

சந்தையில் பாதிக் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. குஞ்சிதபாதம் பேனாவை எடுத்தார். பெயர், தமயந்தி. கை, இடது. ஊர்?

"நெய்வேலி," என்றாள் ஹெல்கா.

பேனா ஒரு நிமிஷம் நின்றது. டவுன்ஷிப்பில் ஆயிரக்கணக்கான பேரிடம் அவர் ஊர் கேட்டிருக்கிறார். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் திருநெல்வேலி என்பார்கள், கோயம்புத்தூர் என்பார்கள், பாலக்காடு என்பார்கள். சுற்றிலும் இருப்பவர்கள் மைன்ஸ் வெட்டி இப்போது பள்ளமாக இருக்கிற ஊர்களின் பெயரைச் சொல்வார்கள். நெய்வேலி என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். எழுதினார்.

குழந்தையின் கையைத் துடைத்து, பால் சொட்டு வைத்து, ஊசிப்பல் சக்கரத்தை வைத்து ஒரு திருகு. தமயந்தி வீரிட்டாள். கூட்டத்தில் பெரும்பாலோர் அத்தோடு கலைந்தார்கள். பதினொரு பேர் நின்று கையை நீட்டினார்கள். நைனா முகமதுவின் கருவாடு மட்டும் தீர்ந்துபோயிற்று. அந்தம்மாவ வாரா வாரம் கூட்டியாங்க பாய் என்றார்.

ஏழாம் நாள் குத்து எழும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குஞ்சிதபாதம் என்ஜினீயர் வீட்டுக்குப் போனார். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே மூன்று நாளாகத் தாளிதம் இல்லை என்று தெரிந்தது, வீராயியின் உத்தரவு. ஜெயராமன், இதெல்லாம் நான் சொன்னதில்லை சார் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். தமயந்தியின் கையில் நன்றாக, வட்டமாக, முத்துப்போல எழும்பியிருந்தது. இனி பயமில்லை என்றார் குஞ்சிதபாதம். ஹெல்கா உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது வீராயி, செல்லக்கிளியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சார், அந்தச் சந்தைப் பொஸ்தகத்துல அப்பன் பேரு எழுத வேணாமா?"

"வேணாம்."

"பொறந்த நம்பரு?"

"வேணாம். ஏன்?"

அவள் வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "செல்லக்கிளி அப்பன் எங்க இருக்கறான்னு எனக்கே தெரியாது. எங்க ஊர காலி பண்ணிக்கினு வந்த வாரத்துல பொறந்தவ. எந்த ஊரு மணியக்காரரு பொறப்பு எழுதுவாரு? ஒவ்வொரு தரமும் நீங்க பொஸ்தகத்த விரிக்கறீங்க. நான் ஓடறேன்."

"ஆத்தாவுக்குப் பயந்துன்னு நெனச்சேன்."

"ஆத்தா என்ன சார் பண்ணுவா? அவ நம்மகிட்ட அப்பன் பேரா கேக்கறா?"

குஞ்சிதபாதம் சைக்கிளைப் பிடித்தார். இருபத்திரண்டு வருஷம் எத்தனை பேர் ஊசிக்கு ஓடினார்கள், எத்தனை பேர் பேனாவுக்கு ஓடினார்கள் என்று இனிமேல் பிரித்துப் பார்க்க முடியாது. பிறகு ஸ்டாண்டைப் போட்டார். அன்று சந்தை நாள் இல்லை. அது குள்ளஞ்சாவடியும் இல்லை. கடைசித் தாளைப் பிரித்து, மேலே குள்ளஞ்சாவடி சந்தை என்று தம் அழகான கையெழுத்தில் எழுதினார். பெயர், செல்லக்கிளி. ஊர் என்று கேட்டார். வீராயி, பள்ளமாகிப் போன தன் ஊரின் பெயரைச் சொன்னாள். அதையும் எழுதினார்.

"ஏதாவது வாங்கணுமா சார்?" என்று உள்ளேயிருந்து ஹெல்கா கேட்டாள்.

செல்லக்கிளி அழுத அழுகை அந்தத் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அடுத்த குவார்ட்டர்ஸிலும் எதிர் குவார்ட்டர்ஸிலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் வந்தது. குஞ்சிதபாதம் ஃப்ளாஸ்கை மூடிவிட்டு, முதலில் எதிர்வீட்டுப் பக்கம் நடந்தார்.