ஒரு குளவிக்கு இரண்டு சீட்டு

ஒன்பது வயதில் எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: புளுகன். சும்மா வந்த பட்டம் இல்லை, உழைத்துச் சம்பாதித்தது. அப்பாவுக்கு ஆவடியில் டாங்கி ஓட்டும் வேலை என்றும், ஞாயிற்றுக்கிழமை டாங்கியை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார் என்றும் பள்ளி வேனில் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவோ அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து முதுகுவலி வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேன் டிரைவர் அப்பாவிடமே போய், "சார், டாங்கி இன்னா மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் பசிக்கிறது என்று சொன்னால்கூட அம்மா வேறு யாராவது சாட்சி உண்டா என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

அப்போது நாங்கள் அயனம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடு தங்கியிருந்தாள். எங்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்த நேரத்தைவிட அதன் கீழே புழுக்கள் தின்றுகொண்டிருந்த நேரம்தான் அதிகம். பால்கனி முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடிக்குப் பதிலாக அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாள். உள்ளே புழு, புழுவுக்கு இலை. நாள்தோறும் இலை மாற்றவேண்டும், புழுக்கை தட்டவேண்டும். ஆனால் சித்திக்கு வேண்டியது புழு இல்லை. புழுவுக்குள் இருக்கும் குளவி.

எள் அளவுக் குளவிகள் அவை. புழுவின் உடம்பில் ஊசி போட்ட மாதிரி முட்டையை இறக்கிவிட்டுப் பறந்துவிடும். முட்டை பொரிந்து வரும் குட்டி, புழுவை உள்ளேயிருந்து தின்று வளரும். புழு ஒன்றும் தெரியாமல் இலை தின்றுகொண்டிருக்கும். ஒருநாள் குட்டி தோலைத் துளைத்து வெளியே வந்து வெள்ளையாக ஒரு கூடு கட்டும். சில நாளில் கூட்டிலிருந்து குளவி. இதைக் கேட்ட அன்று நான் என் வயிற்றைப் பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன் என்பது உண்மை. இதை மட்டும் சாட்சி இல்லாமலே நம்பலாம்.

சித்திக்குப் புழு பிடித்துத் தருவது என் வேலை. கூலி எதுவும் கிடையாது. ஆனால் அவளுடைய நோட்டில் என் பெயர் ஏறும். எந்தச் செடி, எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வரி. குளவி பிறந்தால் அதே விவரத்தை நகத்தில் பாதி அளவுச் சீட்டில் எழுதுவாள். குளவியை முக்கோண அட்டையின் நுனியில் ஒரு பொட்டுப் பசையில் ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தி, அதே ஊசியில் கீழே சீட்டையும் குத்திவைப்பாள். பள்ளியில் என் பெயர் ஏறிய ஒரே இடம், பேசியவர்கள் பட்டியல் எழுதும் கரும்பலகை. அதனால் இந்த நோட்டு எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். போகக்கூடாது. அந்த வருஷம் எதிர் பிளாக்குப் பையன் ஒருவன் கரையில் சறுக்கித் தண்ணீரில் விழுந்து, யாரோ முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். கரைப்பக்கம் கால் வைத்தால் அந்தக் கால் வீடு திரும்பாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் இரண்டு காலையும் வைத்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைத் தாண்டி, கரைச் சரிவில் ஆமணக்குச் செடிகள் காடாக நின்றன. இலைக்கு இரண்டு புழு, முதுகை வளைத்து ஜாண் போட்டு நடந்துகொண்டிருந்தன. நாலைந்தைப் பிடித்து டிபன் பாக்ஸில் போட்டு வந்தேன்.

சித்தி நோட்டை விரித்துக்கொண்டு எங்கே பிடித்தாய் என்று கேட்டபோது அம்மா பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. அங்கேயும் ஏழெட்டு ஆமணக்கு நின்றது. எனவே சிரமமே இல்லாமல் வந்தது:

"பின்னாடி காலி மனைல."

சித்தி எழுதிக்கொண்டாள்.

அந்தப் புழுக்களில் ஒன்றிலிருந்துதான் அந்தக் குளவி வந்தது. மற்றவை சாதுவாக அந்துப்பூச்சி ஆகிவிட்டன. குளவியைச் சித்தி ஒரு ராத்திரி முழுக்க உருப்பெருக்கியில் பார்த்தாள் போலிருக்கிறது, காலையில் கண் சிவந்திருந்தது. இறக்கையில் ஓடும் நரம்பும், முதுகில் இருக்கும் கோடுகளும் இதுவரை யாரும் எழுதிவைத்த எதோடும் ஒத்துப்போகவில்லையாம். புதுசாக இருக்கலாம் என்றாள். புதுசு என்றால் அதற்குப் பெயரே இல்லை என்று அர்த்தமாம். யார் முதலில் விவரம் எழுதுகிறார்களோ அவர்கள்தான் பெயர் வைக்கவேண்டும். மறுநாளே வேனில், என் பெயரில் ஒரு குளவி வரப்போகிறது என்று அறிவித்துவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். அது ஒன்றே ஒன்று, அதுவும் பெண். ஒற்றைக் குளவியை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம், இன்னும் சில கிடைக்கட்டும், ஆணும் வேண்டும் என்று சித்தியின் பேராசிரியர் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் அது பெயரில்லாமலே பெட்டியில் கிடக்கும். சித்தியின் ஆராய்ச்சிக்கான காலமும் முடியப்போகிறது. அதற்குப் பிறகு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழிவிடவேண்டும் என்பது அம்மாவுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே நடந்திருந்த ஒப்பந்தம்.

எனவே சித்தி தேட ஆரம்பித்தாள். எங்கே? நான் சொன்ன இடத்தில்.

விடிந்ததும் காலி மனைக்குப் போய்விடுவாள். ஏழெட்டுச் செடி. ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்ப்பாள். குடியிருப்பில் எல்லோரும் மேலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். கம்மல் தொலைந்துவிட்டதா என்று ஒரு மாமி கேட்டாளாம். கைமுழுக்கக் கொசுக்கடி; ஏதோ கம்பளிப்பூச்சி பட்டு விரல்கள் வீங்கி, தோசையைப் பிய்க்க முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். நான்தான் களிம்பு தடவிவிட்டேன். தடவும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். உடனே கால் ஞாபகம் வரும். இரண்டு காலும் எனக்குத் தேவையாக இருந்தன. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். இப்படி இருபது நாளுக்கு மேல் நாளைகள் சேர்ந்துவிட்டன. சித்தி என்னிடம் இன்னொரு தரம் கேட்டிருந்தால்கூட உளறியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வேன் ஏரியோரமாகப் போனபோது கரைமேல் மஞ்சளாக ஒரு மண்தோண்டி இயந்திரம் நின்றது. கரையைப் பலப்படுத்தி நடைபாதை போடப்போகிறார்களாம். அது கையை நீட்டி ஒரு வாய் செடியும் மண்ணுமாக அள்ளியதை நான் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வயிற்றுக்குள் ஏதோ தின்றுகொண்டே இருந்தது. உள்ளேயிருந்து தின்பது என்றால் என்ன என்பது ஓரளவு புரிந்தது.

சாயங்காலம் அம்மா மிக்ஸி போடுவதற்காகக் காத்திருந்தேன். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. மிக்ஸி இரைய ஆரம்பித்ததும் பால்கனிக்கு ஓடி, சித்தியின் காதருகே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். காலி மனை பொய். டாங்கி மாதிரியேதான். பிடித்தது ஏரிக்கரையில், அங்கே மிஷின் வந்துவிட்டது. மிக்ஸி இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டுமே என்று கத்தித்தான் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் மிக்ஸி நின்றுவிட்டது.

"என்னடா ஏரி?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"பாடத்துல ஏரி வருதுக்கா, கேட்டுட்டிருக்கான்" என்றாள் சித்தி.

சித்தி பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தொழில்முறையில் பார்த்தால், நல்ல வேகம்.

அவள் என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. பெட்டியைத் திறந்து, அந்தக் குளவி இருந்த ஊசியை வெளியே எடுத்தாள். மெல்லிய பேனாவையும் வெள்ளைச் சீட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, மிக்ஸி மறுபடி இரைய ஆரம்பித்ததும் கேட்டாள்:

"கலங்கலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்."

"மேலயா, சரிவுலயா?"

"சரிவுல."

சொன்னதைச் சொன்னபடி எழுதி, புதுச் சீட்டை ஊசியில் பழைய சீட்டுக்குக் கீழே ஏற்றினாள். பழையதைக் கிழித்துப் போடு சித்தி என்று கெஞ்சினேன்.

"கிழிக்கக் கூடாதுடா. ஊசில ஒரு தடவ ஏறுனது ஏறுனதுதான். தப்புன்னா கீழ இன்னொண்ணு வைக்கணும், அவ்ளோதான் நம்மளால முடியும்."

அவர்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கமாம். எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. அம்மாவாக இருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். இவள் என் பொய்யை ஊசியில் குத்தி, பூச்சி அரிக்காமல் மருந்துருண்டை போட்டு, காலகாலத்துக்கும் பாதுகாக்கப் போகிறாள்.

மறுநாள் காலை, லைப்ரரி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் கரைக்குப் போனோம். இந்தப் பொய் என்னுடையது. கலங்கலுக்கு அந்தப் பக்கம் சரிவு மொட்டையாகச் சிவந்து கிடந்தது. இயந்திரத்தின் நிழலில் டிரைவர் பிளாஸ்டிக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா தேட்ற? செயினா?"

புழு என்றாள் சித்தி. ஆமணக்கில் இருக்கும் புழு. அவர் சித்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, நெசமாவா?"

நான் தலையாட்டினேன். டிரைவருக்கு என் சரித்திரம் தெரியாததால் நம்பிவிட்டார்.

"செடியெல்லாம் நேத்தே வாரிட்டேன்க்கா. அந்தாண்ட குமிச்சிகீறேன் பாரு. லாரி வரவரிக்கும் டைம் கீது, பொறுக்கிக்கோ."

குவியலில் ஆமணக்குகள் வேரோடு வதங்கிக் கிடந்தன. இலையைத் தின்னவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் புழுக்கள் சில தண்டுகளில் ஏறி நின்றன. மண்ணைத் தள்ளித் தள்ளிப் பொறுக்கினோம். சித்தியின் வீங்கிய விரல்களுக்கு எட்டாத இடுக்கில் என் கை போனது. டிரைவர்கூட தன் காலிக் கப்பில் ஒன்றைப் பிடித்துவந்து கொடுத்தார். இது கடிக்குமா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். லாரி வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

பெரும்பாலானவை செத்தன. சில அந்துப்பூச்சி ஆயின. நாலு டப்பாவில் மட்டும் வெள்ளைக் கூடு வந்தது. நாலில் இரண்டு ஆண். சித்தி என்னைத் தூக்கிச் சுற்ற முயன்று, முடியாமல் கீழே வைத்தாள்.

அடுத்த வருஷம் அந்தக் குளவிக்குப் பெயர் வைத்தார்கள். என் பெயர் இல்லை, எங்கள் ஊரின் பெயர். ஒரு வாரம் சித்தியோடு பேசவில்லை. வேனில் வேறு மாதிரி சமாளித்தேன். எப்படி என்பதை விட்டுவிடுங்கள்.

இப்போது நானும் மென்பொருள்தான். முதுகுவலி பரம்பரைச் சொத்தாக வந்துவிட்டது. சித்தி வேறொரு ஊரில் பூச்சிகளின் சேகரிப்பு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தபோது ஓர் இழுப்பறையைத் திறந்து, கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தாள். அந்த ஊசி. மேலே எள்ளுபோல் குளவி. கீழே பழுப்பேறிய இரண்டு சீட்டுகள். முதலாவதில் காலி மனை, என் பெயர். இரண்டாவதில் கலங்கலுக்கு அப்பால், கரைச் சரிவு. அதிலும் என் பெயர். இத்தனை வருஷமும் முதல் சீட்டை நினைத்துத்தான் கூசிக்கொண்டிருந்தேன்.

லென்ஸை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் இரண்டாவது சீட்டைச் சரியாகப் பார்த்தேன். அது கரைக்குப் போய்வந்து எழுதியது இல்லை. நாலு கூடு வந்த பிறகு எழுதியதும் இல்லை. கரைக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், வீடே சாட்சி கேட்கும் ஒரு புளுகன், சித்தியை இருபது நாள் காலி மனையில் மண்டிபோட வைத்தவன், மிக்ஸி சத்தத்தில் சொன்னதை மட்டும் வைத்து எழுதியது. பென்சிலில்கூட இல்லை, அழியாத மையில்.

எழுதும்போது அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபத்தில்தான் பார்க்கவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.